மீன் விடாத தொட்டி

பதுளை நகரில் அறிவாளிகளுக்குப் பஞ்சம் என்று ஞானேஸ்வரி ஒருபோதும் வருந்தியதில்லை. தம்மைத் தவிர இன்னொருவர் தேவை என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. காப்புறுதிக் கம்பெனி ஒன்றில் பொய் விபத்துகளைக் கண்டுபிடிப்பதைப் பல ஆண்டுகள் தொழிலாகக் கொண்டிருந்து, இறுதியில் மேலதிகாரியின் பொய் விபத்து ஒன்றையும் கண்டுபிடித்த குற்றத்திற்காக வெளியேற்றப்பட்டவர் அவர். இப்போது பேக்கரி ஒன்றின் மேல்மாடியில், பாண் வாசனைக்கு நடுவே, தனியார் துப்பறிவாளராக அமர்ந்திருந்தார். அவருடைய உதவியாளன் எட்வர்ட் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயம் ஒன்றில் பிறந்தவன், முச்சக்கரவண்டி ஓட்டுபவன். அவனுடைய வண்டிக்குத் தடைக்கருவி உண்டு, வாய்க்கு இல்லை.

அன்று காலை ஞானேஸ்வரியைத் தொலைபேசியில் அழைத்தவர் சிவசுப்பிரமணியம். அரச திணைக்களம் ஒன்றில் கோப்புகளைத் தாமதப்படுத்தியே உயர்பதவி எய்தி ஓய்வு பெற்ற அப்பெருமகனார், பசறை வீதியில் பழைய தோட்டப் பங்களா ஒன்றை வாங்கி, அதனை உல்லாசப் பயணிகளுக்கான விடுதியாக மாற்றியிருந்தார். மறைந்த மனைவியின் தங்கக் காப்புச் சோடி அலுமாரியிலிருந்து மறைந்துவிட்டது என்றும், அதனை எடுத்தவள் சமையற்காரி அஞ்சலின் என்றும், அவளை ஒப்புக்கொள்ளச் செய்வது ஒன்றே ஞானேஸ்வரியின் பணி என்றும் அவர் அறிவித்தார். மாலைக்குள் அவள் ஒப்புக்கொள்ளாவிடில், பசறைப் பொலிஸில் முறைப்பாடு செய்யப்படுமாம்.

ஞானேஸ்வரி ஒரே ஒரு கேள்வி கேட்டார். அண்மையில் வெளியாள் எவரேனும் வீட்டுக்குள் வந்தாரா?

"மீன்தொட்டி வைக்க ஒருத்தன் வந்தவன். ஆனால் அவன் இல்லை" என்றார் சிவசுப்பிரமணியம்.

தொலைபேசியை வைத்துவிட்டு ஞானேஸ்வரி எட்வர்டை நோக்கினார். "கள்ளியையும் தானே பிடிச்சிட்டார். பிறகு என்னை என்னத்துக்குக் கூப்பிடுறார்?"

"சோத்த ஆக்கி, கறிய ஆக்கி, ஏப்பம் விட மட்டும் ஆள் தேடுறாரு மேடம். வண்டிய எடுக்கவா?"

"எடும். முதலில் மீன்கடைக்கு."

"சந்தைக்கா?"

"செத்த மீன் இல்லை. உயிர் மீன்."

*

ஸரூக் என்பவருடைய கடை சந்தைக்குப் பின்புறத்தில் இருந்தது. கண்ணாடிப் போத்தல்களில் சண்டை மீன்கள் தத்தம் தனிமையில் கோபமாக நின்றன. ஸரூக்கும் அவ்வாறே நின்றார். மீன் வாங்குவோர் அனைவரும் மூடர்கள் என்பது அவருடைய நிலையான கொள்கை. அக்கொள்கையை மாற்றவேண்டிய அவசியத்தை எந்த வாடிக்கையாளரும் இதுவரை ஏற்படுத்தவில்லை.

"பங்களாவுக்குத் தொட்டி வெச்சது நான்தான் மேடம். ஆனா மீன் விடல்ல. விட ஏலாது."

"ஏன் ஏலாது? தண்ணி இருக்கு. மீனும் இருக்கு" என்றார் ஞானேஸ்வரி.

"எல்லாரும் இதத்தான் செல்ற!" ஸரூக்கின் குரலில் பல ஆண்டுகளின் இகழ்ச்சி திரண்டிருந்தது. "காலையில தொட்டி வாங்குற. பகலைக்கி மீன் விடுற. அடுத்த நாள் செத்த மீன பேக்ல போட்டு எடுத்துட்டு வந்து என்கூடச் சண்டை புடிக்கிற. புதுத் தொட்டி எண்டா வெறும் கண்ணாடி மேடம். மீன்ட கழிவத் திண்டு தீக்கிற நல்ல கிருமி அதில வளரோணும். ஒரு சொட்டு மீன்தீனியப் போட்டு அழுக விட்டுட்டு, பில்டர ஓட விட்டுட்டு, ஒரு மாசம் சும்மா பாத்துட்டு ஈக்கோணும். ஒரு மாசம் சும்மா ஈக்க ஒருத்தருக்கும் ஏலாது."

"எங்க தோட்டத்துக்கு வாங்க நானா" என்றான் எட்வர்ட். "லயத்துக்குக் கூரைத் தகரம் கேட்டு தாத்தா காலத்துல இருந்து சும்மாதான் பாத்துட்டு இருக்கோம். இங்க என்னாடான்னா மீனுக்கு ஒரு மாசம் முன்னாடியே வீடு ரெடி."

ஸரூக் அவனைப் பொருட்படுத்தவில்லை. தாம் ஆற்றிய திருப்பணியை விவரிக்கத் தொடங்கினார். தொட்டியின் அடியில் ரிஜிபோம் என்னும் மென்தகடு விரித்தமை, வெண்கற்களை நீர் தெளியும் வரை கழுவியமை, மலைநாட்டுக் குளிருக்கு ஹீட்டர் பொருத்தியமை ஆகிய யாவும் ஒரு பேருரையாக வெளிப்பட்டன. ஞானேஸ்வரி அலுமாரித் தட்டிலிருந்து சிறிய போத்தல் ஒன்றை எடுத்தார்.

"இது என்ன மருந்து?"

"குளோரின் போக்கிற. டவுன் பைப் தண்ணிக்குத்தான் அது வேணும். பங்களாவுல மலை ஊத்துத் தண்ணி, குளோரினே இல்ல. அந்த சேர் 'எனக்கும் ஒரு போத்தல் தாரும்' எண்டார். விக்க ஆசதான். ஆனா தேவல்ல எண்டு செல்லிட்டுத்தான் வந்த. அவர் காதுல வாங்கினாரோ தெரியா. அவர் பேசுறத மட்டும்தான் அவர் கேக்குற."

கடையின் மூலையில் நீர் நிரம்பிய பீப்பாய் ஒன்று இருந்தது. அதனுள் கருங்கல் ஒன்று. கல்லின் கீழே கோணல்மாணலாக ஏதோ ஒன்று.

"அது?"

"தேயில வேர் மேடம். பழைய செடி புடுங்கின எடத்துல சேர் ரெண்டு வேர் எடுத்து வெச்சிருந்தார். தொட்டிக்குள்ள வெக்க அழகா ஈக்கும். ஒண்ட நான் எடுத்து வந்து ஊறப் போட்ட. மத்தது பங்களா விறாந்தையில காஞ்சு கெடக்கு. ஊறாத வேர அப்பிடியே வெச்சா சாயம் எறங்கி தண்ணி கெட்டுப் பெய்த்திரும். அதோட, நிக்கவும் நிக்காது. பாருங்க."

அவர் கல்லை அகற்றினார். வேர் நீருக்குமேல் துள்ளி எழுந்து, பீப்பாயின் விளிம்பில் மோதி, மிதந்து ஆடியது.

எட்வர்ட் அதனை மரியாதையுடன் நோக்கினான். "எங்க பழைய துரைமாரு மாதிரியே மேடம். எவ்வளவு அமுக்கினாலும் மேலதான் வராங்க."

"ஸரூக்" என்று ஞானேஸ்வரி திடீரென அழைத்தார். "அந்த வீட்டில தங்கக் காப்பு காணாமல் போயிருக்கு. தெரியுமோ?"

ஸரூக்கின் முகம் வெளுத்தது. "அல்லாஹ்வே! நான் முன் ஹோலத் தாண்டிப் போகல்ல மேடம். பைப்பு கூட குசினி ஜன்னலால இழுத்து எடுத்த. சேர் என் பக்கத்துலயே நிண்டார்."

வெளியே வந்ததும் எட்வர்ட் குரலைத் தாழ்த்தினான். "ஆளு முழிக்கிற முழியப் பாத்தீங்களா மேடம்? அவரு வளக்கிற மீன் மாதிரியே."

"மீனுக்கு இமை இல்லை. அதால முழிக்குது. அதைக் குற்றம் எண்டு சொல்ல ஏலாது. வண்டியை எடும்."

*

முச்சக்கரவண்டி பசறை வீதியின் வளைவுகளில் ஏறியது. நமுனுகுல மலை பாதி முகிலுக்குள் நின்றது. தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே 'சொர்க்கத்தின் வாசல்', 'முகில்களின் மாளிகை' முதலிய பெயர்ப்பலகைகள் புதிது புதிதாக முளைத்திருந்தன. அவற்றின் பின்னால் இருந்தவை பெரும்பாலும் தகரக் கொட்டகைகளே. சிவசுப்பிரமணியத்தின் பலகை அவை யாவற்றிலும் பெரியது. அதில் விடுதியின் பெயர் சிறிய எழுத்திலும், உரிமையாளரின் பட்டங்கள் பெரிய எழுத்திலும் பொறிக்கப்பட்டிருந்தன.

வண்டியின் ஓசை கேட்டு அவர் வாயிலுக்கு வந்தார். வெளிநாட்டவரை எதிர்பார்த்து முகத்தில் ஒரு புன்னகையைத் தயாராக வைத்திருந்தார். வந்தவர்கள் தமிழர் இருவர் எனக் கண்டதும் அப்புன்னகை பிற்காலத் தேவைக்காகச் சேமித்து வைக்கப்பட்டது.

"வாரும் பிள்ளை. ஆறுதலா, பிந்தித்தான் வந்திருக்கிறீர்."

நரைத்த தலையுடைய ஒருத்தியைப் 'பிள்ளை' என்று அழைப்பதன் மூலம் தம்மை மூத்தவராகவும் அவளை வேலைக்காரியாகவும் ஒருங்கே ஆக்கிவிடலாம் என்பது அவருடைய நம்பிக்கை. ஞானேஸ்வரி அதனைக் கணக்கில் எழுதிக்கொண்டார்.

"மீன் பார்க்கப் போனனான் ஐயா."

"மீனோ? இஞ்ச காப்பு களவு போயிருக்கு, நீர் மீன் பார்க்கிறீரோ! வீடு முழுக்கச் சோதிச்சாச்சு. அவளின்ர வேதக்கோயில் உபதேசியாரையே சாட்சிக்கு வைச்சுத்தான் சோதிச்சனான். பாரபட்சம் இல்லாமல் என்ர அலுமாரியையும் திறந்து காட்டினனான். இனி அவளை நீர் வெருட்டிக் கேட்டால் காணும்."

முன் மண்டபத்தின் நடுவே அத்தொட்டி அமர்ந்திருந்தது. பில்டர் முணுமுணுத்துக் கொண்டிருந்தது. ஹீட்டரின் செவ்விளக்கு எரிந்தது. மீன் ஒன்றும் இல்லை. நீரோ நல்ல செந்நிறம் அடைந்திருந்தது. அடியில், கழுவிய வெண்கற்களின்மேல், தேயிலை வேர் ஒன்று, ஓய்வு பெற்ற அதிகாரி சாய்கதிரையில் அமர்வதுபோல் அசைவின்றி அமர்ந்திருந்தது.

எட்வர்ட் குனிந்து உற்று நோக்கினான். "சீனி போடலையாங்க ஐயா?"

"என்ன?"

"இல்லைங்க, தேயிலைச் சாயத்தண்ணி நல்லா எறங்கியிருக்கு. சீனி மட்டும்தான் பத்தாதுன்னு நெனைக்கிறேன்."

அவன் நீரை நோக்கி விரலை நீட்டினான். சிவசுப்பிரமணியம் ஏறத்தாழப் பாய்ந்தே வந்துவிட்டார்.

"தொடாதையும்! கடைக்காரன் கண்டிப்பாச் சொல்லிப்போட்டுப் போனவன். குளோரின் போகுமட்டும் ஒருத்தரும் தண்ணிக்குள்ள கை வைக்கப்படாது."

"ஓ, குளோரின்" என்றார் ஞானேஸ்வரி மிகுந்த பணிவுடன். அவருடைய பணிவு ஆபத்தானது என்பதை எட்வர்ட் அறிவான். ஆகவே விரலை மடக்கிக்கொண்டான். "வடிவான வேர் ஐயா. கடைக்காரரோ வைச்சவர்?"

"அவனுக்கு என்ன ரசனை இருக்கு? நான்தான் வைச்சனான். இந்தச் சாய்வு, இந்த இடம், எல்லாம் என்ர யோசனை. வெள்ளைக்காரருக்கு இப்பிடியான இயற்கைச் சாமான்தான் பிடிக்கும், பிள்ளை."

"உண்மைதான்" என்றார் ஞானேஸ்வரி. "குசினி எந்தப் பக்கம்?"

*

அஞ்சலின் மா பிசைந்துகொண்டிருந்தாள். மெலிந்த இளம்பெண், அழுது முடித்து, அழுகையால் பயன் இல்லை என்று கண்டு, வேலைக்குத் திரும்பிய முகம்.

"வாங்க. நீங்களும் பையத் தொறந்து பாக்கணுமா? அந்தா கெடக்கு. ஐயா பாத்தாரு, உபதேசியார் பாத்தாரு. நீங்களும் ஒருதரம் பாத்தீங்கன்னா தையலே பிரிஞ்சிரும்."

"நாங்க பையப் பாக்க வரல தங்கச்சி" என்றான் எட்வர்ட். "ரொட்டி வாசம் ரோட்டு வரைக்கும் வந்து கையப் புடிச்சு இழுத்துச்சு."

"இழுக்கும். இங்க வர்ற வெள்ளைக்காரங்க படம் புடிச்சுப் போடுறது என் ரொட்டியையும் சம்பலையும்தான். ஐயாவோட பலகைய இல்ல."

ஞானேஸ்வரி கதிரையில் அமர்ந்தார். "இண்டைக்குப் பின்னேரம் அவர் முறைப்பாடு செய்தால் உமக்கு என்ன நட்டம்? ஒளிக்காமல் சொல்லும்."

அஞ்சலினின் கைகள் மாவில் நின்றன. "எல்ல டவுனுல ஒரு பெரிய ஹோட்டல்ல குசினிக்கு எடுத்திருக்காங்க மேடம். இங்க வாங்குற சம்பளம் மாதிரி இல்ல. தங்க ரூமும் குடுப்பாங்க. எம்மேல ஒரு முறைப்பாடும் இல்லைன்னு பொலிஸ் ரிப்போர்ட் மட்டும் கொண்டு வரச் சொன்னாங்க. இவரு எழுதிக் குடுத்துட்டாருன்னா அந்த ரிப்போர்ட் எனக்குக் கெடைக்காது. வேலையும் போச்சு, பேரும் போச்சு. அப்புறம் எந்த ஹோட்டல்காரன் குசினிக்குள்ள விடுவான்?"

"உமக்கு அவர் வேற ஏதும் சொன்னவரோ?"

"மன்னிக்கிறேன்னாரு. ஒத்துக்கிட்டா போதுமாம், பொலிசுக்குப் போகமாட்டாராம்." அவள் மாவை ஓங்கிக் குத்தினாள். "எடுக்காததுக்கு என்னாங்க மன்னிப்பு? அத வாங்கிக்கிட்டா எடுத்தேன்னுதானே ஆகும்?"

ஞானேஸ்வரியின் பார்வை மேசையின் மூலையில் நிலைத்திருந்தது. அங்கே பழங்காலத் தராசு ஒன்று நின்றது. அதன் ஒரு தட்டில் மா. மறு தட்டில், படிக்கல் இருக்கவேண்டிய இடத்தில், பிரிக்கப்படாத சீனிப் பக்கெட்.

"ஏன் சீனியை வைச்சு நிறுக்கிறீர்?"

"படிக்கல்லக் காணோங்க. பெருசு, சிறுசு, எல்லாமே. நல்ல இரும்புக் கல்லு, துரைமாரு காலத்துது. அதையும் நான்தான் திருடுனேன்னு இன்னும் யாரும் சொல்லல. ஒருவேளை சாயந்தரம் சொல்லுவாங்களோ என்னமோ."

"தங்கம் எடுத்த கையோட இரும்பையும் எடுத்திருக்கான்" என்றான் எட்வர்ட். "பழைய இரும்புக்காரன்கிட்ட ஒண்ணா நிறுத்துப் போடலாம்னு நெனைச்சிருப்பான்."

ஞானேஸ்வரி எழுந்தார். உதடுகளின் ஓரத்தில் மிகச் சிறிய புன்னகை ஒன்று தோன்றியது. பொய் விபத்தின் வண்டியில் உண்மையான கீறல் இல்லை என்று காணும் வேளையில் தோன்றும் அதே புன்னகை.

"அஞ்சலின், நீரும் வாரும். கையைக் கழுவவேண்டாம். கனநேரம் ஆகாது."

*

மண்டபத்தில் சிவசுப்பிரமணியம் சாய்கதிரையில் காத்திருந்தார். "என்ன, ஒத்துக்கொண்டாளோ?"

"காப்பு எடுத்தவரைக் கண்டுபிடிச்சிட்டன் ஐயா" என்றார் ஞானேஸ்வரி. "இவ இல்லை. தொட்டி வைச்ச ஸரூக்தான்."

எட்வர்டின் வாய் திறந்து, அதிசயமாக, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டது. சிவசுப்பிரமணியம் கதிரையிலிருந்து எழுந்தே விட்டார்.

"இல்லை, இல்லை! அவன் இல்லை! அவன் அறைப் பக்கமே போகேல்லை. நான் பக்கத்திலேயே நிண்டனான். எடுத்தது இவள்தான்."

"கடையில போய் இப்பவே சோதிக்கலாம் ஐயா. உங்கட காப்பு கிடைச்சாலும் கிடைக்கும்."

"தேவையில்லை! நான் சொல்லுறன் அவன் இல்லை எண்டு!"

ஞானேஸ்வரி தலையசைத்தார். இப்போது அவருடைய குரலில் பணிவு இல்லை.

"நகையைப் பறிகொடுத்த ஆளுக்கு, கள்ளன் ஆராயிருந்தாலும் ஒண்டுதான். நகை திரும்பி வரவேணும். அவ்வளவுதான் அவற்ர கவலை. நான் ஒரு கள்ளனைத் தாறன், கடையைத் தாறன், நீங்கள் வேண்டாம் எண்டுறியள். உங்களுக்கு நகை தேவையில்லை. ஒரே ஒரு கள்ளி மட்டும் தேவை. அதுவும் நீங்கள் தெரிஞ்செடுத்த கள்ளி."

"என்ன கதைக்கிறீர்? நான்தான் உம்மைக் கூப்பிட்டனான்!"

"ஓம். ஏன் கூப்பிட்டியள் எண்டுதான் காலமையிலேர்ந்து யோசிக்கிறன். எட்வர்ட், அந்த வேரைத் தூக்கும்."

"குளோரின்!" என்று அலறினார் சிவசுப்பிரமணியம்.

"இந்த மலையில ஊத்துத் தண்ணி ஐயா. அதில குளோரின் இல்லை எண்டு கடைக்காரர் உங்களுக்குச் சொல்லிப்போட்டுத்தான் போனவர். நீங்கள் அந்தச் சொல்லை மட்டும் பிடிச்சுக்கொண்டு மிச்சத்தை விட்டிட்டியள். அதோட, ஒருத்தரும் கை வைக்கப்படாத தண்ணிக்குள்ள வேரை வைச்சது நீங்கள்தான் எண்டு உங்கட வாயாலேயே சொன்னனீங்கள். ரசனையோட."

எட்வர்ட் சட்டைக் கையை மடித்து நீருக்குள் கையை விட்டான். முகத்தைச் சுளித்தான். "என்னா மேடம் இது, பாறாங்கல்லு மாதிரி கனக்குது!"

"கனக்கத்தான் வேணும். தண்ணிக்கு இவ்வளவு சாயம் எறங்கியிருக்கு எண்டால், அது ஊறாத வேர். ஊறாத வேர் என்ன செய்யும் எண்டு கடையில பார்த்தனீர். மிதக்கும். இது மட்டும் ஏன் அரசாங்க உத்தியோகத்தர் மாதிரி அடியிலேயே குந்திக்கொண்டு இருக்குது?"

வேர் நீரிலிருந்து வெளிவந்தது. எட்வர்ட் அதைக் கவிழ்த்தான். அடிப்பாகத்தில் ஒரு பொந்து. பொந்தில் ஒரு துணி இறுக்கி அடைக்கப்பட்டிருந்தது. எட்வர்ட் அதைப் பற்றி இழுத்தான். அது நீண்டுகொண்டே வந்தது. கோடுகள் போட்ட பழுப்பு நிறக் கழுத்துப்பட்டி ஒன்று, உத்தியோகக் காலத்து மிடுக்கை எல்லாம் இழந்து, நீர் சொட்டத் தொங்கியது.

எட்வர்ட் அஞ்சலினை நோக்கினான். "தங்கச்சி, டை நீங்க கட்டுறதுதானா?"

அஞ்சலின் சிரிக்கவில்லை. அவளுடைய கண்கள் பொந்திலேயே இருந்தன. முதலில் பெரிய படிக்கல் நிலத்தில் விழுந்து உருண்டது. அதன்பின் சிறியவை. கடைசியாக, பொலித்தீனில் சுற்றிய தங்கக் காப்புகள் இரண்டும், யாரும் தம்மைத் தேடவில்லையே என்பதுபோல் மெதுவாக நழுவி விழுந்தன.

வெறுமையான வேரை எட்வர்ட் மறுபடியும் தொட்டிக்குள் இட்டான். அது நீருக்குமேல் துள்ளி எழுந்து, ஹீட்டரின் வயரை உரசிக்கொண்டு மிதந்தது.



"அஞ்சலின்" என்றார் ஞானேஸ்வரி, "எல்லவில வேலை கிடைச்சிருக்கு எண்டு ஐயாவுக்கு எப்ப சொன்னனீர்?"

"காப்பு காணாமப் போறதுக்கு மொத நாளுங்க." சொல்லி முடிக்கும் முன்பே அவளுக்கு விளங்கிவிட்டது. ஒரு கை மெதுவாக வாயை நோக்கி உயர்ந்து, மாவைக் கண்டு நின்றது.

"விளங்குதெல்லே? இந்தப் பிள்ளை போனால் ரொட்டி இல்லை. ரொட்டி இல்லையெண்டால் வெள்ளைக்காரர் உங்கட பட்டங்களைச் சாப்பிடவேணும். சம்பளத்தைக் கூட்டிக் குடுக்க உங்களுக்கு மனம் வரேல்லை. கள்ளிப் பட்டம் ஒண்டு குடுத்தால், 'போனால் பொலிஸுக்குச் சொல்லுவன், ரிப்போர்ட் வராது' எண்டு அவளை மறிக்கலாம். நீங்கள் பெரிய மனசோட மன்னிப்பியள். அவள் காலம் முழுக்க இஞ்சேயே மா பிசைவாள். பொலிஸைக் கூப்பிட்டால் அவை தொட்டியையும் கவிட்டுப் பார்ப்பினம். அதனால என்னைக் கூப்பிட்டியள். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை வெருட்டிப்போட்டுப் போகும் எண்டு."

சிவசுப்பிரமணியத்தின் முகத்தில் வெட்கத்தைத் தேடிய எவரும் ஏமாந்திருப்பர். அங்கே இருந்தது கோப்பொன்றில் தவறான விதியைச் சுட்டிக்காட்டப்பட்ட அதிகாரியின் எரிச்சல் மாத்திரமே.

"என்ர காப்பு. என்ர வீடு. என்ர தொட்டி. நான் விரும்பின இடத்தில வைப்பன். இதில என்ன களவு? எந்தச் சட்டத்தில குற்றம்?"

அது ஒரு நல்ல கேள்வி என்பதை ஞானேஸ்வரி ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. களவு நிகழவே இல்லை. கள்ளனும் இல்லை. தம் பொருளைத் தாமே ஒளித்த ஒரு கிழவரும், அவர் வாயிலிருந்து வெளிப்பட்ட ஒரு சொல்லும் மாத்திரமே எஞ்சின. அச்சொல் ஏற்கெனவே அஞ்சலினின் லயம் வரை போய்விட்டது.

"காப்பை ஒளிச்சது குற்றம் இல்லை, மடைத்தனம். உபதேசியாருக்கு முன்னால இவளைக் கள்ளி எண்டு சொன்னியள் எல்லே? அவருக்கு இப்ப ஃபோன் எடுங்கோ."

"நான் எடுக்கமாட்டன்."

"எடுக்க வேணாங்க ஐயா" என்றான் எட்வர்ட் மிகுந்த கரிசனையுடன். "நான் பசறை பஸ் ஸ்டாண்டுல வண்டிய நிப்பாட்டிட்டு அங்க சொல்லிடுறேன். இந்த டையையும் கையில வச்சுக்கிட்டு சொன்னா நல்லா வெளங்கும்."

சிவசுப்பிரமணியம் கழுத்துப்பட்டியைப் பார்த்தார். பின் தொலைபேசியை எடுத்தார்.

"உபதேசியாரோ? அது வந்து... காப்பு கிடைச்சிட்டுது. தவறுதலா ஒரு இடத்தில..."

"தவறுதலா எண்டு சொல்லாதேங்கோ" என்றார் ஞானேஸ்வரி.

"நான்... நான்தான் வேற இடத்தில வைச்சிட்டு..."

"ஒளிச்சு."

"ஒளிச்சு வைச்சனான்" என்றார் சிவசுப்பிரமணியம், பல் பிடுங்கப்பட்டவரின் குரலில். "அவள் எடுக்கேல்லை."

மறுமுனையில் உபதேசியார் நீண்ட நேரம் ஏதோ சொன்னார். அது பிரார்த்தனைபோல் ஒலிக்கவில்லை.

தொலைபேசியை வைத்ததும் சிவசுப்பிரமணியம் தம் முழு உயரத்தையும் மீட்டுக்கொண்டார். இத்தகையோரின் முதுகெலும்பு இரப்பரால் ஆனது. எவ்வளவு வளைத்தாலும் விட்டதும் பழைய நிலைக்கு வந்துவிடும். "சரி, முடிஞ்சுது தானே. இனி ஏன் அதைக் கதைப்பான்? அஞ்சலின், நிலமெல்லாம் தண்ணி. துடை. பிறகு ரொட்டியைப் பார். பின்னேரம் ஆக்கள் வருகினம்."

அஞ்சலின் குனிந்தாள். நிலத்தில் கிடந்த படிக்கற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் சேலைத் தலைப்பில் துடைத்து, மேசையில் வரிசையாக அடுக்கினாள். காப்புகளை அவள் தொடவில்லை.

"இது குசினிச் சாமான். கெடைச்சிருச்சு. இனி மா நிறுக்கலாம். நீங்களே நிறுத்துக்கங்க." கையில் ஒட்டிய மாவை உரசி உதிர்த்தாள். "தரையில தண்ணி கொட்டுனது நான் இல்லைங்க ஐயா. கொட்டுனவங்க தொடைச்சுக்கட்டும்."

அவள் உள்ளே சென்று, பலமுறை சோதிக்கப்பட்ட அந்தப் பையுடன் திரும்பினாள்.

"எங்கை போறாய்?"

"பசறை பொலிசுக்குங்க."

அவ்வளவு நேரமும் நிமிர்ந்திருந்த சிவசுப்பிரமணியம் சாய்கதிரையில் தொப்பென்று அமர்ந்தார். நிறம் அவருடைய முகத்தை விட்டு இறங்கிய விதம், ஊறாத வேரிலிருந்து சாயம் இறங்கும் விதத்தை ஒத்திருந்தது. ஞானேஸ்வரி அவருக்கு வணக்கம் கூறிவிட்டு வெளியேறினார்.

முச்சக்கரவண்டி புறப்பட்டது. பின் இருக்கையில் இரு பெண்களுக்கும் நடுவே அந்தப் பை இருந்தது. முதல் வளைவு கடந்ததும் எட்வர்ட் கண்ணாடியில் பின்னால் நோக்கினான்.

"மேடம், தங்கச்சி எல்ல வேலைக்கு ரிப்போர்ட் எடுக்கத்தானே போகுது? ஐயா என்னாடான்னா தன்னைப் புடிச்சுக் குடுக்கத்தான் போகுதுன்னு நெனைச்சுட்டாரு. பாவம், மூச்சே நின்னுருச்சு. திரும்பிப் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வரவா?"

அஞ்சலின் முதன்முறையாகச் சிரித்தாள். ஞானேஸ்வரி சிரிக்கவில்லை, வண்டிக்கு வெளியே, 'சொர்க்கத்தின் வாசல்' என்ற பலகையை வெறுப்புடன் நோக்கிக்கொண்டிருந்தார்.

"சொல்லுவம். ஒரு மாசம் போகட்டும்" என்றார். "புதுத் தொட்டியில அவசரப்படக்கூடாது எண்டு ஸரூக் சொன்னவர் எல்லே?"